ஒஸ்லோ ராகு காலம்

அது யாழ்ப்பாணத்து ராகு காலம் அண்ணை. இஞ்சை ஒஸ்லோவிலை இன்னும் முடியேல்லை. இருங்கோ, இருங்கோ. அந்தப் பையைக் கீழை வையுங்கோ.

பகிடி விடேல்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்குத் துவங்கிப் பன்ரெண்டுக்கு முடியும் எண்டது ஊர்க் கணக்கு. அங்கை ஆறு மணிக்குச் சூரியன் வரும், ஆறு மணிக்குப் போகும். பகலை எட்டாப் பிரிச்சால் ஒண்டரை மணித்தியாலம் வருகுது, சரி. இஞ்சை இந்த ஜூலையிலை நாலு மணிக்கே சூரியன் வந்து யன்னலிலை நிக்குது, போறது இரவு பத்தரைக்குப் பிறகு. அந்தப் பகலை எட்டாப் பிரிச்சுப் பாருங்கோவன். ராகு ரெண்டேகால் மணித்தியாலத்துக்கும் மேலை குந்திக்கொண்டிருப்பர். பதினொண்டுக்கு வந்தவர், ஒண்டேகால் தாண்டித்தான் எழும்புவர். எங்கடை சண்முகலிங்கம் அண்ணை கொம்பியூட்டரிலை போட்டு எடுத்துத் தந்தவர். அந்தா, பிரிட்ஜிலை ஒட்டியிருக்கு, எழும்பிப் பாருங்கோ.

பாத்தியளே. அப்ப பேர்கனிலை இவ்வளவு காலமும் ஊர்க் கலண்டரைப் பாத்துத்தான் வெளிக்கிட்டனீங்களோ? ஐயோ அண்ணை. அப்ப அந்த எல்க் மான் வந்ததிலை ஒரு அதிசயமும் இல்லை. போன வருசம் வோஸ் றோட்டிலை உங்கடை புதுக்காருக்குக் குறுக்கை பாஞ்சதெல்லே. நல்ல நேரம் பாத்துத்தானே எடுத்தனான், ஏன் இப்பிடி நடந்தது எண்டு ஒரு கிழமையாப் போனிலை புலம்பினியள். நீங்கள் ஊர் நேரம் பாத்திருக்கிறியள், மான் நோர்வே நேரம் பாத்திருக்கு.

சிரிக்கேல்லை அண்ணை. வடை சுடுகுது, எண்ணெய் வெடிக்குது, அதுதான் முகம் இப்பிடிப் போகுது.

என்ரை பிள்ளை கிருசாந்தி வகுப்பை விட்டு எங்கையும் ஓடிப்போகாள். அங்கை அவளின்ரை முறை பின்னேரம் நாலு மணிக்கு. நீங்கள் ஒண்டரைக்கு இஞ்சை பியோர்ண்டாலிலை பஸ் ஏறினாலும் ரெண்டு ரெண்டேகாலுக்கு அங்கை நிப்பியள். பிள்ளையைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு அடுத்த ட்ரெயினிலை பேர்கனுக்குப் போங்கோ. ஆர் மறிச்சது? தாய்மாமன் மருமகளைக் கூட்டிக்கொண்டு போறதை மறிக்க நான் ஆர்?

என்னிலை பிழை பிடிச்சு என்ன. நீங்கள்தானே காலமை வந்து இறங்கினதும் இறங்காததுமா, உடுப்பை அடுக்கு பெட்டை எண்டு சொல்லிப்போட்டுக் குளிக்கப் போனனீங்கள். ஓம் மாமா எண்டு தலையாட்டினவள். நீங்கள் குளிச்சு வெளியிலை வர ஆள் இல்லை, சொமர்கூர்சுக்கு, அதுதான் அந்தக் கோடைகால வகுப்புக்குப் போட்டாள். உடனை பின்னாலை போயிருக்கலாம். ரெண்டு நிமிசம் சாயுறன் எண்டு சோபாவிலை படுத்தது நீங்கள். இரவு முழுக்க ட்ரெயினிலை இருந்து வந்த மனுசன், எழுப்ப மனம் வரேல்லை. அதோடை அந்தக் குறட்டையைக் குழப்பவும் ஒருமாதிரி இருந்தது.

தவராசாவோ? அவர் விடியக்காலமையே டியூட்டிக்குப் போட்டார். இண்டைக்கு அவருக்கு லீவு தான். நீங்கள் வாறியள் எண்டு கேள்விப்பட்டோடனை போனடிச்சு டியூட்டி கேட்டு வாங்கினவர். உங்கடை மச்சானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேணுமே.

இந்தாங்கோ, சம்பலோடை சாப்பிடுங்கோ. உள்ளதைச் சொல்லட்டே. அவள் படம் கீறப் போனது உங்களுக்குப் பெரிய கோவம் இல்லை. பேர்கன் முழுக்க மருமகளுக்கு மெடிசின் கிடைச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டியள், இப்ப சனத்துக்கு முகம் குடுக்கேலாமல் கிடக்கு. அதுதான் கோவம்.

மெடிசின் எண்டு நான் சொல்லவே இல்லை. சத்தியமா இல்லை. கீழ்வீட்டு விமலாதேவி கேட்டவ, லீவு நாளிலை உவள் காலமை காலமை எங்கை போறாள் எண்டு. அனட்டமி படிக்கப் போறாள் எண்டனான். பொய்யே? முதல் கிழமை முழுக்க வகுப்பிலை ஒரு எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டு, எல்லாரும் சுத்தி இருந்து எலும்பெலும்பாக் கீறினவை. தோள்மூட்டு எப்பிடித் திரும்பும், முழங்கால் எப்பிடி மடியும் எண்டு அவள் எனக்கே பாடம் எடுத்தவள். விமலாதேவி போய் உங்கடை கூட்டாளி யேசுரட்ணத்துக்குச் சொல்லியிருக்கிறா. யேசுரட்ணம் பேர்கனுக்குப் போன் எடுத்திருக்கிறார். இஞ்சை அனட்டமி எண்டு வெளிக்கிட்ட பிள்ளை மலையைத் தாண்டேக்குள்ளை டொக்டர் ஆயிட்டாள். நீங்கள் ஒருக்கால் எனக்கு எடுத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீங்கள் கேக்காமல் கேக் வெட்டியிருக்கிறியள்.

பிறகென்ன, அதே யேசுரட்ணம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியிலை அவளைக் கண்டிருக்கிறார். காற்சட்டை முழுக்கப் பெயின்ற், கக்கத்திலை ஒரு பெரிய கடதாசிச் சுருள். எந்த ஆஸ்பத்திரியிலை பிள்ளை படிக்கிறீர் எண்டு கேட்டவராம். அவள் நிண்ட நிலையிலை உள்ளதைச் சொல்லிப்போட்டாள். என்ரை பிள்ளைக்குப் பொய் வராது. அவள் தேப்பனைப்போலை.

ஓம், அதையும் சொல்லிட்டாரோ. ஓம் அண்ணை, பிள்ளையள் பாத்துக் கீற உடுப்பில்லாமல் ஒரு ஆள் இருந்தவர்தான். கத்தாதேங்கோ, சுவருக்கு அங்காலை நோர்வேச்சனம் இருக்கு. வாலிபப் பெடியன் இல்லை, பென்சன் எடுத்த மனுசன். எழுபது வயசு வரும். எனக்கு எப்பிடித் தெரியுமோ? நானும் றோல்ஸ் குடுக்கிற சாட்டிலை போய் எட்டிப் பாத்தனான். கையிலை மணிக்கூடு மட்டும் கட்டிக்கொண்டு கதிரையிலை இருந்தார். அவருக்கும் வெக்கம் இல்லை, பிள்ளையளுக்கும் வெக்கம் இல்லை, நான் ஒருத்திதான் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு இடைவேளைக்குத் துவாயைச் சுத்திக்கொண்டு வந்து என்ரை றோல்ஸிலை ரெண்டை எடுத்தவர். உறைப்பிலை கண்ணாலை தண்ணி ஓடுது, ஆனா மூண்டாவதுக்கும் கை நீட்டினவர்.

அண்ணை, ஒண்டு கேக்கட்டே. நீங்கள் பேர்கனிலை வயசு போனாக்களின்ரை இல்லத்திலை இவ்வளவு வருசமா என்ன வேலை செய்யிறியள்? அவையளைக் குளிப்பாட்டி, துடைச்சு, உடுப்பு மாத்தி விடுறியள். அவளுக்கும் அங்கைதானே சொமர்வேலை எடுத்து வைச்சிருக்கிறியள். அங்கை போய்க் கழுவினால் சேவை, இஞ்சை இருந்து கீறினால் மானக்கேடோ.

சரி, சரி. வாயைத் திறக்கேல்லை. தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டே?

என்ன கீறினவள் எண்டு இப்பவாவது கேட்டியள். நல்ல காரியம். இண்டைக்குக் கடைசி நாள். பிள்ளையள் ஒவ்வொராளும் தங்கடை ஆக்கத்தை வைச்சுக்கொண்டு நிப்பினம். வாத்திமார் வந்து பாத்து, ஏன் செய்தனீர், எப்பிடிச் செய்தனீர் எண்டு கேப்பினம். பிறகு கொஞ்சப் பேரைத் தெரிவு செய்து ஒரு வருசப் படிப்புக்கு எடுப்பினம். முறை வரேக்குள்ளை ஆள் நிக்கவேணும். நிக்காட்டி அடுத்த பிள்ளை. ஓம், ஒரு வருசம். ஓம், படம் கீறத்தான். மெடிசின் அவள் கேக்கேல்லை அண்ணை, நீங்கள்தான் கேட்டனீங்கள். எழும்பாதேங்கோ, இன்னும் ராகு இருக்கு. கதவைத் திறந்தியள் எண்டால் பிறகு எல்க்குக்கு நான் பொறுப்பில்லை.

கேளுங்கோ. எங்கடை படியிலை சப்பாத்துக் கிடக்கிறது தெரியுந்தானே. நோர்வேக்காரர் வீட்டுக்குள்ளை கொண்டுபோய்க் கழட்டுவினம், நாங்கள் கதவுக்கு வெளியிலை கழட்டுவம். ஒரு பிறந்தநாள் எண்டால் மூண்டாம் மாடியிலையிருந்து கீழ்மாடி மட்டும் சப்பாத்து. கட்டடச் சங்கத்தார் மாதம் மாதம் அறிவித்தல் ஒட்டுவினம், நெருப்புப் பிடிச்சால் ஆக்கள் தடக்கி விழுவினம் எண்டு. நாங்களும் மாதம் மாதம் அதை வாசிச்சுப்போட்டு அதுக்குக் கீழையே சப்பாத்தைக் கழட்டுவம்.

உவள் என்ன செய்தவள் தெரியுமே. வீடு வீடாப் போய்ச் சப்பாத்துக் கேட்டு வாங்கினவள். விமலாதேவியின்ரை கலியாணவீட்டுச் செருப்பு, குதி தேஞ்சது. சண்முகலிங்கம் அண்ணையின்ரை பனிச்சப்பாத்து. தவராசாவின்ரை டியூட்டிச் சப்பாத்து, அது வேணாம் பிள்ளை மணக்கும் எண்டு நானே சொன்னனான். அங்கை மண்டபத்துக்கு நடுவிலை ஒரு கதவை நிப்பாட்டியிருக்கிறாள். பூட்டின கதவு. பின்னாலை வீடு இல்லை, ஒண்டும் இல்லை. அதுக்கு முன்னாலை இந்தச் சப்பாத்து முழுக்க, உள்ளை ஏதோ கொண்டாட்டம் நடக்கிறமாதிரி. வாற சனம் தாண்டித் தாண்டிப் போகவேணும். ஒவ்வொண்டுக்கும் மேலை தாளிலை அதைப் போட்ட ஆள் ஊரிலையிருந்து வந்த பாதையைக் கீறித் தொங்கவிட்டிருக்கிறாள். கொழும்பு, மொஸ்கோ, பேர்லின், கப்பல், லொறி, எல்லாம்.

இது கலையோ எண்டு என்னட்டைக் கேட்டால்? எனக்குத் தெரியாது அண்ணை. நான் நேற்றுப் போய்ப் பாத்தனான். வாய் விட்டுச் சிரிச்சனான். பிறகு கக்கூசுக்குள்ளை போய்க் கொஞ்சநேரம் அழுதனான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரேயொரு குறை இருந்தது. கதவு நிலையோடை, எல்லாத்துக்கும் முன்னுக்கு, ஒரு சோடி வைக்கிற இடத்தை வெறுமையா விட்டிருந்தாள். முதல் வந்த ஆளின்ரை இடம் அம்மா, அது இன்னும் கிடைக்கேல்லை எண்டவள்.

பொறுங்கோ, போன் அடிக்குது. மெசேஜ். அவள்தான்.

ம். சரி. நல்லது.

முடிஞ்சுதாம் அண்ணை. அவளின்ரை முறை. பன்ரெண்டரைக்கு. நாலு மணி எண்டது நான் சும்மா சொன்னது. முக்கால் மணித்தியாலம் நிண்டு கதைச்சிருக்கிறாள், வாத்திமார் இருந்து கேட்டவையாம். எடுப்பினமோ இல்லையோ திங்கட்கிழமைதான் தெரியும். கிடைக்காட்டியும் காரியமில்லை, அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சிட்டாள்.

என்னைப் புஷ்பராணி எண்டு முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுறியள் எண்டால் கோவம் உச்சியிலை நிக்குது. ஏசுங்கோ. நான் உங்களை எதிர்த்துக் கதைச்சதே இல்லை. எனக்கு உங்களிலை பயம். நாற்பது வயசு வந்தும் பயம். எங்கை வரச் சொன்னியளோ வந்தனான், ஆரைக் கட்டச் சொன்னியளோ கட்டினனான். ஒண்டும் பிழைக்கேல்லை, தவராசா தங்கமான மனுசன். ஆனா உனக்கு என்ன விருப்பம் எண்டு ஒருத்தரும் என்னை ஒருநாளும் கேக்கேல்லை அண்ணை. இண்டைக்கு என்ரை பிள்ளையை இருத்திவைச்சு ஆக்கள் கேக்கினம். அது முடியுமட்டும் உங்களை மறிக்க என்னட்டை வடையும் ராகுவும்தான் இருந்தது.

இல்லை, ராகு காலம் பொய் இல்லை. அது முழு உண்மை. கோயிலிலை வேணுமெண்டால் கேளுங்கோ.

ஒண்டு இருபத்தைஞ்சு. ராகு எழும்பிப் போட்டார். இப்ப நீங்கள் வடிவாப் போகலாம். போய்ப் பாருங்கோ, அவளை ஏசவேணும் எண்டால் அதைப் பாத்துப்போட்டு ஏசுங்கோ.

படியிலை தேடாதேங்கோ அண்ணை. உங்கடை சப்பாத்து அங்கை இல்லை. தவராசாவின்ரை சிலிப்பர் கிடக்கு, போட்டுக்கொண்டு போங்கோ, கொஞ்சம் சின்னன்தான். நீங்கள் வந்துதானே நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள், அந்த முதல் இடத்திலை வேறை ஆரின்ரையை வைக்கிறது எண்டு அவள் கேட்டாள். நீங்கள் குளிச்சுக்கொண்டிருந்தியள். நான்தான் துடைச்சுப் பையிலை போட்டுக் குடுத்தனான். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அது காலமை ஒன்பது மணிக்கு, நல்ல நேரத்திலைதான் வெளிக்கிட்டது.