தலைவரின் பெருவிரல்

ஐரோப்பாவில் தமிழனின் ஒழுங்கை உலகுக்குக் காட்டியது எங்கள் பேரவைதான். இதை நான் சொல்லவில்லை. பேரவைத் தலைவர் இராஜதுரை ஆண்டுதோறும் மேடையில் சொல்வார். அந்த ஒழுங்கைக் காப்பாற்ற விழாவுக்குப் பன்னிரண்டு வோக்கி-டோக்கிகள் வாடகைக்கு எடுப்பார்கள். அவற்றில் எட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து விழா பார்க்கும்.

சிரிக்காதே பூரணி. கடை ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கு. பாலத்தில் மெத்ரோ ரயில் போய் முடியட்டும்... ம். கேளுங்கள். இது நம்முடைய கஜனின் அத்தான் சேந்தனுக்கு நடந்தது.

இரவு பத்து மணி. பாரிஸுக்கு வெளியே, ஸ்தேனில், விழா மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பாதை. ஒரு பக்கம் லொறி வளவு, மறுபக்கம் தண்டவாளம். ஒரே ஒரு தெருவிளக்கு, அதுவும் விட்டுவிட்டு எரியும். மண்டபத்தின் பின்கேட் அந்தப் பாதையில்தான் திறக்கும். அங்கே காவலுக்குச் சேந்தன். தனியாக. கையில் ஒரு வோக்கி, காதில் ஒரு வயர்.

அதற்கு முந்தைய வருடம் அதே கேட்டில் நின்றவன் டெனிஸ்டன்.

அன்றைக்குக் குடிவெறியில் வந்த ஒரு கூட்டத்தை முன்வாசலில் உள்ளே விடவில்லை. அவர்கள் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார்கள், இரும்புக் கம்பிகளோடு. டெனிஸ்டன் வோக்கியின் பொத்தானை அமுக்கி ஆள் கேட்டிருக்கிறான். ஆனால் அந்தக் கருவியில் ஒரு சங்கதி. ஒருவர் பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை வேறு எவர் கூப்பிட்டாலும் போய்ச் சேராது. வாடகைக்குக் கொடுக்கும் அந்துவான் இதைப் பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொன்னான். முன்வரிசையும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் போட்டு "உய், உய்" என்றது. அப்போது அவர்கள் காதில் வயரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் மேடையில். ஒரு கையில் மைக். மறு கையில் வோக்கி, செங்கோல் மாதிரி. பெருவிரல் பொத்தானின் மேல்... எடுக்கவே இல்லை. எல்லாக் காதிலும் வரவேற்புரைதான். கார் நிறுத்துமிடத்தில் நின்ற சேந்தனும் அதைத்தான் கேட்டான்.

விழா முடிந்து குப்பை கொட்டப் போனவர்கள்தான் டெனிஸ்டனைக் கண்டார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பற்கள் கேட்டின் ஓரத்தில் சிதறிக் கிடந்தன. வலது பெருவிரல் மட்டும் பொத்தானை அமுக்கியபடியே விறைத்திருந்தது.

பேரவை ஆழ்ந்த துயரம் கொண்டது. அடுத்த விழாவில் இரண்டு நிமிட மௌனம் என்று தீர்மானம் போட்டது. நடனங்கள் அதிகம் என்பதால் அதை ஒரு நிமிடமாக்கியது. பிறகு, நேரம் இருந்தால் பார்க்கலாம் என்றது.

அந்த அடுத்த விழாவுக்குத்தான் சேந்தன் பின்கேட்டில். வேறு எவரும் அங்கே நிற்க வரவில்லை. உள்ளே அவன் மகள் ஆட இருந்தாள். தொடங்குவதற்கு முன் தலைவரைப் பிடித்தான்.

"அண்ணை, அவங்கள் இந்த முறையும் வருவாங்களாம். சென் தெனியிலை வைச்சு எனக்கே சொன்னவங்கள். பொலிசுக்குச் சொல்லுவமே?"

"உமக்கென்ன விசரே? பொலிஸ் திரும்பவும் வந்தா அடுத்த வருசம் ஹோல் தரமாட்டாங்கள்."

"அப்ப கும்பிட்டுக் கேக்கிறன், பேசேக்கை அந்தப் பொத்தானிலை இருந்து விரலை எடுங்கோ. நான் கூப்பிட்டா ஆருக்காவது கேக்கவேணும்."

"கேக்கும், கேக்கும். போய் நில்லும் தம்பி."

நின்றான். உள்ளே கைதட்டல். "அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே..." காதுக்குள் தலைவர் வந்துவிட்டார்.

வான் ஒன்று விளக்கை அணைத்துவிட்டு உருண்டு வந்தது. கதவு சறுக்கியது. நாலு பேர். கம்பிகள் தார் ரோட்டில் இழுபட்டன... கிர்ர்ர்...

"பின்கேட்! பின்கேட்! ஆக்களை அனுப்புங்கோ!" கத்திவிட்டு விரலை எடுத்தான்.

"...பண்பாட்டின் காவலர்களாகிய நாம்..." என்றார் தலைவர்.

முதல் அடி தோளில். எலும்பு உடைந்தது அவனுக்கே கேட்டது. விழுந்தான்.

அப்போது காதில் தலைவரின் குரல் அறுந்தது. ஒரு மூச்சு... ஈரமான, கொழகொழத்த மூச்சு. துருவும் இரத்தமும் கலந்த வாடை. பிறகு, பல்லில்லாத வாய் பேசுவது போல: "சேந்தன் அண்ணை... அமத்திப் பிடியுங்கோ. விடாதேங்கோ."

கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினான்.

அடுத்த கம்பி அவன் நெற்றியில் இறங்கியது. சத்தம் மட்டும் கேட்டது. வலி இல்லை. தன் பொத்தான் அமுங்கியிருக்கும்போது தன் காதில் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டது... தலைவரின் அலறல்.

மண்டபத்தில் இருந்தவர்கள் கண்டது இதுதான். குத்துவிளக்கருகே தனியாக நின்ற தலைவரின் நெற்றி தானாகப் பிளந்தது. அடுத்து முழங்கை எதிர்ப்புறமாக மடிந்தது. அடுத்து தாடை. பொன்னாடை ஒவ்வொரு அடிக்கும் சிவந்தது. பக்கத்தில் ஒரு ஈ காக்கைகூட இல்லை. பின்வரிசையில் சிலர் நாடகம் தொடங்கிவிட்டதென்று கைதட்டினார்கள். முன்வரிசையின் எட்டுக் காதுகளிலும் ஒரே குரல், செத்த டெனிஸ்டனின் குரல்: "பின்கேட்... ஆள் அனுப்புங்கோ..." முன்வரிசை எழுந்து ஓடியது. முன்வாசலால்.

வெளியே நாலு பேரும் அடித்தார்கள், அடித்தார்கள். சேந்தனின் நெற்றியில் ஒரு கீறல்கூட விழவில்லை. தரையில் கிடந்தவன் வாய் திறக்கவில்லை. அவன் கையிலிருந்த கருவி வேறொருவர் குரலில் ஊளையிட்டது. கம்பிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவனுடைய சப்பாத்து இன்னும் அந்த வேலியில் தொங்குகிறதாம்.

தலைவர் சாகவில்லை. தாடைக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், பேச்சு வராது. ஆஸ்பத்திரியில்தான் வோக்கியை அவர் கையிலிருந்து பிரித்தார்கள். பெருவிரல் மேலிருந்து நசுங்கித் தட்டையாகியிருந்தது. நகத்தின் மேல் இன்னொரு பெருவிரலின் ரேகை பதிந்திருந்தது.

என்ன பூரணி? மேடையில் மைக் இருக்கும்போது அந்த மனிதர் எதற்காகப் பொத்தானை அமுக்கினார் என்றுதானே கேட்கிறாய்? சேந்தனும் அதைக் கேட்டான். விழாவுக்குப் படம் பிடித்தவர் சொன்னார். பொத்தானை அமுக்கினால்தான் வோக்கியின் உச்சியில் சிவப்பு லைட் எரியும். படத்தில் எடுப்பாக இருக்கும்.

டெனிஸ்டன் செத்த இரவில் எடுத்த படத்தைத்தான் அடுத்த வருட விழா மலரின் அட்டையில் போட்டார்கள். அதில் லைட் எரிகிறது. தலைவர் கண்ணை மூடியிருக்கிறார்.