நடத்துநர் லூர்துநாதனும் நம் தெருவின் பாட்டில்களும்

இந்த இரங்கல் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, குடியிருப்போர் சங்கத் தலைவர் திரு. கண்ணையன் அவர்களே, கணவர் லூர்துநாதனை இழந்து முன்வரிசையில் இருக்கும் ஜாக்குலின் அவர்களே, சூசையப்பர் தெருவின் கண்ணியமான குடும்பங்களே!

எனக்கு முன் பேசியவர்கள் நம் சங்கச் செயலாளர் லூர்துநாதனைப் புனிதர் என்றார்கள். அவர் புனிதர் அல்லர். திண்டிவனம் பணிமனையில் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். வீட்டுக்கு இரண்டு கூடை வைக்கச் சொல்லி, மக்கும் குப்பையை எருவாக்கக் கொட்டகையும் போட்டவர். தம் பழைய விசிலை ஊதிக்கொண்டு காலையில் வாசல் வாசலாக வந்தாரே, அதற்குள் மறந்துபோயிற்றா?

"ஏம்மா, சோத்துக் கூடையில பால் கவரு டிக்கெட்டு இல்லாம ஏறிக்கினு வருது பாரு! எறக்கு, எறக்கு!"

சிரித்தோம். சிரித்துக்கொண்டே பிரித்துக் கொடுத்தோம். நாம் கொட்டிய குப்பை மழை வந்தால் வாய்க்காலோடு நம் வாசலுக்கே திரும்பிய காலம் ஒன்று இருந்தது. அதை நிறுத்தியவர் யார்? நீங்களா? நானா?

சனிக்கிழமைகளில் மக்காத குப்பையைத் தெருமுனையில் தார்ப்பாய் விரித்து, எல்லோர் கண்முன்னும் கொட்டிப் பிரிப்பார். பார்த்தால் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் நினைப்பு. அங்கேதான் அவர் தப்பாக நினைத்துவிட்டார். நாம் அங்கே கற்றுக்கொள்ளவா நின்றோம்? எந்த வீட்டுக் கூடையில் என்ன விழுகிறது என்று வேடிக்கை பார்க்க நின்றோம்.

என் கணவர் குடித்தார். ஊருக்கே தெரியும். அவருடைய பாட்டில்களைக் கழுவி, மக்காத கூடையில் நிமிர்த்தி வைத்துக் கொடுத்தவள் நான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டுச் சின்னபொண்ணு கேட்டார்: "இன்னாம்மா, அய்யாவுக்கு இந்த வாரம் நல்ல அறுவடை போலக்கீதே?" லூர்துநாதன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அவுங்க வூட்டு பாட்டிலு இங்க வந்துட்ச்சி. ஒங்க வூட்டுது எந்த ரூட்ல போவுது, அத்த சொல்லு மொதல்ல" என்றார்.

எந்த வழியில் போயிற்று? நமக்குத் தெரியும்! மக்கும் கூடையில் போயிற்று. சோற்றுக்கடியில், வாழையிலையில் சுற்றிப் போயிற்று. கூடையைத் தூக்கும்போது கலகலக்கக் கூடாதே! அதனால் உடைத்துச் சுற்றிப் போட்டோம். எருவைக் கையால் கிளறுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று யார் நினைத்தோம்?

சர்க்கரை நோயாளி அவர். உள்ளங்கையில் கண்ணாடி ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் விசில் ஊதினார். புண் அழுகிய பிறகே பாண்டிக்குக் கொண்டுபோனார்கள். கையை எடுத்தார்கள்; உயிர் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான், "யார் வீட்டுப் பாட்டில் என்று விசாரிக்கப் போகிறேன்" என்றேன். "வேணாம்மா. நீங்க கேட்டீங்கன்னா நாளைக்கு ஒருத்தனும் கூடையே குடுக்க மாட்டான்" என்றார்.

ஆகவே நான் கேட்கவில்லை. இங்கே மாலை போட்டவர்களில் ஒருவர் அந்தப் பாட்டிலை உடைத்தவர். அது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். லூர்துநாதனுக்காகத்தான் இந்தக் கட்டளையை நிறைவேற்றுகிறேன், உங்களுக்காக அல்ல!

கொட்டகையை மூடிவிட்டு அந்த இடத்தில் அவர் பெயரில் கல்வெட்டு வைக்கச் சங்கம் தீர்மானித்திருப்பதாகத் தலைவர் சொன்னார். கொன்றது போதாதா? அவர் வேலையையும் கல்லுக்கடியில் புதைக்க வேண்டுமா? இன்று காலை ஜாக்குலின் கொட்டகைச் சாவியை என் கையில் வைத்து, "கல்லு எதுக்கும்மா? தொறந்து வச்சிக்கினு இருங்க, அது போதும்" என்றார். தலைவர் அவர்களே, சாவி என்னிடம் இருக்கிறது. உங்கள் தீர்மானத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை காலை கொட்டகை திறக்கும். விசில் ஊத எனக்கு மூச்சில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். தார்ப்பாய் இனி விரிக்கப்படாது. என் வீட்டு மதிற்சுவரோரம் பாட்டில்களுக்கென்று மூடி போட்ட டிரம் ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்துச் சன்னலை அடைத்துவிட்டேன். எந்த நேரத்திலும் வாருங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் கண்ணியம் உங்களிடமே இருக்கட்டும்.

உடைக்காமல் போடுங்கள்.