இரண்டாவது ராக்கெட்

ராக்கெட் என்றதும் எல்லாரும் தீபாவளி வாணத்தைத்தான் நினைக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் துவான். என்னுடையது வேறு. கெட்டி அட்டைக்குழாய், இலேசான மரச் சிறகுகள், பக்கவாட்டில் கட்டைவிரல் அளவு கேமரா. உச்சிக்குப் போனதும் குடை விரிந்து மெதுவாக இறங்கும். ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

கேமராவைக் கட்டினால் போதும் என்பார்கள். போதாது. ராக்கெட் சுழலும், படம் பார்ப்பவனுக்குக் குமட்டும். சுழலாத சிறகைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் முயன்றேன். கோப்பெங் ஊரைத் தாண்டி, கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தில், ஒருநாள் படம் அசையாமல் வந்தது. சுண்ணாம்பு மலைகள், செம்பனை வரிசைகள், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குட்டைகள். ஏவுமுன் நான் பிஸ்மில்லாஹ் சொன்னதும் பதிவாகியிருந்தது.

பிலால் என் மனைவி சுபைதாவின் தம்பி. சாமான்களைத் தூக்கிக்கொண்டு என்னோடு வருவான். அந்தப் படத்தைத் தன் பெயரில் இணையத்தில் போட்டான். என் குரலை எடுத்துவிட்டு ஏதோ இசையைச் சேர்த்திருந்தான். ஏன் என்று கேட்டேன்.

"உங்க குரலு தொண்டை கட்டுன மாதிரி இருக்கு லா, மச்சான். யாரு பார்ப்பா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சுபைதா கைப்பேசியை நீட்டி, "எந்தம்பி எடுத்தது" என்பாள். நான் பக்கத்தில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன். கோபம் என்று சொல்லமாட்டேன்.

அடுத்த முறை நான் தனியாகப் போனேன். அங்கே மாடு மேய்க்கும் மாயாண்டி என்னை நிறுத்தினார்.

"அந்தக் குட்டைப் பக்கம் போவாதீங்கண்ணே. மேல காஞ்சு கெடக்கும், உள்ள கஞ்சி மாதிரி. எம்மாடு எறங்குச்சு, இழுக்க முடியல."

இதைப் பிலாலிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று சுபைதாவிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை, துவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனை அழைத்துப் போனேன். ஏவும் கம்பியைக் குட்டைப் பக்கமாகச் சாய்த்து வைத்தேன். ராக்கெட் அழகாகப் போய், காய்ந்த சேற்றின் நடுவில் இறங்கியது.

"நான் எடுத்துட்டு வாரேன், மச்சான்" என்றான். எப்போதும் அவன்தான் போவான். நான் அனுப்பவில்லை.

இடுப்புவரை போனபோதுதான் கூப்பிட்டான். காரில் கயிறு இருந்தது. நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். நான் இரண்டாவது ராக்கெட்டைக் கம்பியில் கோத்தேன். இந்த முறை நேராக நிறுத்தினேன். அவன் எவ்வளவு ஆழம் போய்விட்டான் என்று நான் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை.

அது என் காலடிப் பக்கத்திலேயே இறங்கியது. நான் எடுத்ததில் அதுதான் சிறந்த படம். ஒரு நடுக்கம் கிடையாது. வெளிர் சேறு, அதில் நெஞ்சுவரை ஒரு மனிதன். அவன் கத்துவதை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறான். கையசைக்கிறான். முகத்தில் பயம் இல்லை. ஆட்களைக் கூப்பிடத்தான் நான் அதை ஏவினேன் என்று நினைத்திருக்கிறான்.

குரல் அடங்கும்வரை அங்கேயே இருந்தேன், துவான். தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கடைசி நேரத்தில் அவனுக்கு ஒரு நம்பிக்கையாவது என்னால் கொடுக்க முடிந்தது.