பத்து நாளைக்கு ஒரு ஆள்

நீங்க பேசாதீங்க சார், தலையாட்டினாப் போதும். நேத்துதான் டான்சில் எடுத்த தொண்டை. எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துல. அதுவரைக்கும் பேசித் தீர்த்துக்கறேன், அப்புறம் எனக்கும் வாய்ப்பூட்டுதான். தொழிலே பூட்டு ரிப்பேரு, சாவி வெட்டறதுதான். ஐயோ, சிரிக்காதீங்க, வலிக்கும்.

டாக்டரம்மா உங்ககிட்டயும் எல்லாம் சொன்னாங்களா? எனக்கு ஒண்ணு விடாம சொன்னாங்க. முதல் நாளே ரத்தம் வரலாமாம். அதுல தப்பிச்சா, அஞ்சாம் நாள்லேருந்து பத்தாம் நாளுக்குள்ள, புண்ணுமேல இருக்கற பொருக்கு உதிரும்போது வரலாம். நூத்துல நாலஞ்சு பேருக்கு. வந்தா ஒரு நிமிஷம் காக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துரணும். அதோட விடலையே, எங்க, உங்க வாயால திருப்பிச் சொல்லுங்கன்னாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிச்சேன். அப்புறம்தான் கையெழுத்துக்குப் பேனாவையே குடுத்தாங்க.

கடைசியா ஒண்ணு கேட்டாங்க. பத்து நாளைக்கு வீட்டுல கூட யாரு இருப்பாங்கன்னு. தம்பின்னு சொல்லிட்டேன்.

உங்க வீட்டம்மா காலைலேருந்து மூணு தடவை தலகாணியைச் சரி பண்ணிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, பார்க்க நல்லா இருந்துச்சு.

தம்பியா? இருக்கான், எங்கேயோ. ஆறு வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. அம்மா போனப்பகூட ஆளுக்கொரு மூலைல நின்னோம்.

என்ன, நர்ஸைக் காட்டறீங்க? வேணாம் சார். சொன்னா ஆளைக் கூட்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிருவாங்க. ஆளுக்கு நான் எங்க போவேன்? மாசாமாசம் காய்ச்சல்ல படுத்துக் கடையைத் திறக்க முடியலை. டாக்டரம்மா எங்கிட்ட எதையும் மறைக்கலை. மறைச்சவன் நான்தான்.

உங்க வீடு எங்க தெருவுக்கு அடுத்த தெருதானே? பச்சைக் கதவு. போன வருஷம் பூட்டு மாத்தினது நான்தான். உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது.

இந்தாங்க, இதை வெச்சுக்கங்க. ஊருக்கெல்லாம் ரெண்டு மூணுன்னு சாவி வெட்டிக் குடுத்திருக்கேன், என் வீட்டுக்கு இதுவரைக்கும் ஒண்ணேதான். இது நேத்து வெட்டினது. யாருக்குன்னு தெரியாமலே வெட்டினேன்.

உங்க போன் நம்பரை மட்டும் இந்தச் சீட்டுல எழுதிக் குடுங்க. பத்து நாளைக்குள்ள ஒரு போன் வந்து, எடுத்தா யாரும் பேசலைன்னா, அது நான்தான் சார்.