ரூல் தடுத்த மாத்திரை

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷம். குன்னூர் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த நர்ஸ் ஒருத்தி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ஒரு குழந்தையக் காப்பாத்திருச்சுங்கக்கா."

"எப்படிங்க?"

"புது மருந்து ஆராய்ச்சிக்கு, காசு கிடைக்கும்னு எஸ்டேட் பொண்ணு ஒருத்தி வந்தா. வயித்துப் புள்ளைக்கு ஆகாத மருந்துங்க. கர்ப்பம் இல்லைன்னு சொன்னா. கர்ப்ப டெஸ்ட் ரிசல்ட் போடாம மாத்திரை குடுக்கக் கம்ப்யூட்டர் விடவே இல்லைங்க. டெஸ்ட் எடுத்துப் பாத்தா, கர்ப்பம்! மாத்திரையே குடுக்கலை."

"யாருங்க அப்படிப் பண்ணி வெச்சது?"

"எங்க டேட்டா ஆபீஸ் சுதா. டெஸ்ட் இல்லாம மாத்திரை இல்லைன்னு முந்தின ஆராய்ச்சிக்குக் கம்ப்யூட்டர்ல எழுதின ரூலைப் பத்திரமா வெச்சிருந்து, இதுலயும் அதையே போட்டுட்டா. கெட்டிக்காரிங்க!"

"அந்தப் பொண்ணு?"

"போன வாரம் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. சுதா லீவு போட்டுட்டுப் பாக்கப் போனா. புள்ளையக் கையில வாங்கினவ, கிளம்புற வரைக்கும் கீழயே வெக்கலையாம்."