கதவு தட்டாத தெருக்கள்

கேனாவே மாவட்டத்தில் வாயில் வைக்கும்படியான காபி கிடைக்காது. அதனால் அங்கே போகும்போதெல்லாம் அட்லாண்டாவிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோவது என் வழக்கம். டயர் கடைக் கேமராப் படத்தில் கார் கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது அந்தப் பிளாஸ்க்தான். காரும் என்னுடையது. நீங்கள் படத்தை இவ்வளவு பெரிதாக்கிக் கொண்டுவந்திருக்க வேண்டாம், மேடம். கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் திருமதி லார்க்கின் குடும்பத்து வக்கீல். என் தொழில் என்னவென்று அவர்கள் உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. பணக்காரர்களுக்குத் தர்மம் செய்ய ஆசை வரும். யாருக்கு, எதற்கு என்று யோசிக்கப் பொறுமை வராது. அந்த யோசனையைக் கூலிக்குச் செய்து கொடுப்பவன் நான். அதிலும் ஓட்டுப் போடாத ஜனங்களைச் சாவடிக்கு வரவழைப்பதற்காகக் கொடுக்கப்படும் பணம் என் தனிப் பிரிவு.

இந்தப் பணத்தைக் கொடுக்கிறவர்களுக்கு வேண்டியது ஒரு புகைப்படம். கைத்தடி ஊன்றிய கிழவி ஒருத்தி, 'ஓட்டுப் போட்டேன்' என்ற ஸ்டிக்கரைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு பொக்கைவாயால் சிரிக்க வேண்டும். அது கிடைத்தால் அடுத்த வருடமும் காசோலை வரும். வாங்குகிறவர்களோ சர்ச்சில் பாடுகிற மாதிரியே அறிக்கையும் எழுதுவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அல்லேலூயா. செய்த வேலையால் உண்மையிலேயே ஒரு ஓட்டாவது கூடியதா என்று கேட்கிற ஆள் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நான் ஒருவன்தான். அந்தக் கேள்விக்காக யாரும் எனக்கு மாலை போட்டதில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

திருமதி லார்க்கினின் கணவர் கோழி இறைச்சி ஏற்றும் குளிர்லாரிகளை ஓடவிட்டுச் சம்பாதித்தவர். அவர் போனபிறகு அந்த அம்மாளுக்கு ஜனநாயகத்தின் மேல் கவலை வந்துவிட்டது. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் என்னைக் கேட்டார்.

"ஏன் கார்டன், அந்த ஜனங்க ஏன் ஓட்டுப் போட வரமாட்டேங்கறாங்க? என் நாய்கூட விசில் அடிச்சா வருதே."

"வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டிக் கூப்பிட்டா வருவாங்கன்னு சொல்றாங்க."

"வருவாங்களா?"

"அதை யாரும் ஒழுங்கா அளந்து பாக்கல. நீங்க அளக்கலாம்."

அவர் முகம் மலர்ந்தது. மருந்தைச் சோதிப்பது போலத்தான் என்று விளக்கினேன். பாதி நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பார்கள், மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. இரண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் மருந்தின் பலம். அதேபோல் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியில் வீடு வீடாகக் கதவு தட்டுவது, இன்னொரு பகுதியைத் தொடாமல் விட்டுவிடுவது. கேனாவேயில் மில்பரி என்ற ஊர் எங்களுக்கு வாய்த்தது. ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்த தெருக்களும் மேற்கே இருந்த தெருக்களும் ஏழ்மையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. சாலட் கிண்ணத்தில் இரண்டு சீட்டுப் போட்டுத் திருமதி லார்க்கினையே எடுக்கச் சொன்னேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தார். கிழக்கு வந்தது. மேற்குத் தெருக்களில் யாரும் ஒரு கதவையும் தட்டக் கூடாது என்பது அந்த மேஜையில்தான் முடிவானது.

மில்பரியில் கதவு தட்டும் பொறுப்பு லுவெல்லா டாக்கின்ஸுக்கு. முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். சர்ச்சின் அடித்தள அறையில் ஒரு சின்ன அமைப்பை நடத்திவந்தாள். குரல் தெருக்கோடி வரை போகும். அவளுடைய வீடு மேற்கே இருந்தது. நான் விதிமுறையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என் தெருவுக்கே நான் போகக் கூடாதா? தூங்கறதாவது அங்க தூங்கலாமா மிஸ்டர் விட்டேக்கர், இல்ல அதுவும் உங்க கணக்கக் கெடுத்துடுமா?"

"தூங்கலாம், லுவெல்லா. தேர்தலைப் பத்திப் பேசத்தான் கூடாது."

"நான் பேசாம இருந்து எங்கம்மாகூடப் பாத்ததில்ல, கண்ணு."

ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் போடுவார்கள்.

அந்தத் தேர்தலில் மில்பரி ஆஸ்பத்திரிக்கான வரியும் ஓட்டுக்கு வந்திருந்தது. விற்பனை வரியைக் கொஞ்சம் கூட்ட ஜனங்கள் சம்மதித்தால் ஆஸ்பத்திரி தொடர்ந்து நடக்கும்; இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். லுவெல்லாவின் தம்பி ஆர்விலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அவனுக்கு உயிர். இது எனக்குத் தெரியும். மறைக்கவில்லை. ஆனால் எதற்கு ஓட்டுப் போடு என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. போடு என்று சொல்வதுதான் வேலை. அதுவும் கிழக்குத் தெருக்களில் மட்டும்.

அக்டோபரில் ஒரு சங்கடம் வந்தது. மேற்குத் தெருக்காரர்கள் காலங்காலமாக ஓட்டுப் போட்டுவந்த பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகத் தொடங்கியது. மாவட்ட அலுவலகம் சாவடியை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றிவிட்டது. நீதிமன்றச் சுவரில் ஒரு தாளை ஒட்டியதோடு அவர்கள் கடமை முடிந்தது. லுவெல்லா உடனே ஃபோன் செய்தாள்.

"நீதிமன்றச் சுவத்த யாரு பாப்பாங்க? ஜாமீன் எடுக்கப் போறவன் பாப்பான். எங்காளுங்க எல்லாம் நேரா பழைய எடத்துக்குத்தான் போவாங்க. நான் சொல்லியே ஆகணும்."

"மேற்கே நீங்க வாயத் திறந்தா சோதனையே பாழ்."

"ஆர்வில் அந்த மெஷின்லதான் உயிரோட இருக்கான், மிஸ்டர் விட்டேக்கர்."

"ஒருத்தருக்காக எல்லா ஊர்லயும் நடக்கறதக் கெடுக்க முடியாது."

"ஒருத்தனா? ஒரு நாளாவது வந்து அந்த வார்டப் பாத்திருக்கீங்களா? அட்லாண்டால உக்காந்துக்கிட்டு எங்களத் தராசுல போடறீங்க, ஒரு தட்டுல மனுஷன வச்சு, இன்னொரு தட்டுல ஒண்ணுமில்லாம."

நல்ல உவமை. ஆனால் உவமை வாதம் ஆகாது. மேற்கே ஒரு வீட்டில் பேசினாலும் பணம் அன்றைக்கே நிற்கும் என்றேன். கிழக்கே முதியவர்களை ஏற்றிப்போகும் வேன்களும் நிற்கும், கதவு தட்டும் பெண்களுக்குச் சம்பளமும் கிடைக்காது. யாரைக் கைவிடுவது என்று அவளே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் மறுபடி கூப்பிட்டாள்.

"கதவத் தட்டல. ஃபோன் போடல. யார்கிட்டயும் பேசல. பள்ளிக்கூட வாசல்ல அட்டை எழுதி ஒட்டிட்டேன், அம்பு போட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போங்கன்னு. உங்களுக்குத் தெரியாம செய்ய மனசு வரல. அப்புறம் ஆர்வில்கிட்ட மட்டும் நேர்ல சொல்லிட்டேன். அதுக்கும் பணத்தத் திருப்பிக் கேப்பீங்களா?"

"தம்பிதானே. பரவாயில்ல."

"அட்டை?"

"புரியுது, லுவெல்லா. நாளைக்கு நீங்க கிழக்கே கவனமா இருங்க."

"நீங்களும் மனுஷந்தான், பாருங்களேன்" என்று சிரித்தாள்.

நேர்மையானவர்களிடம் இதுதான் தொந்தரவு. செய்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள், சொல்லியும் தொலைப்பார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை.

மறுநாள் காலையில் நான் மில்பரிக்குப் போனேன். தூறல், கொஞ்சம் காற்று. அட்டைகளைப் பட்டை அடித்த மாதிரி பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகூட இல்லை. கழற்றுவது சிரமமாக இல்லை. மடக்கிக் காரின் டிக்கியில் வைத்தேன். எதிரே இருந்த டயர் கடையிலிருந்து உங்கள் படம் காட்டுவது இதைத்தான். சோதனையில் அந்நியப் பொருள் கலந்தால் எடுத்துப்போடுவதுதான் முறை. கோப்பையைக் கழுவி வைப்பது போல.

அதன்பிறகு ஏன் காரிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று கேட்கிறீர்கள். வேறு யாராவது வந்து புதிதாக எதையாவது ஒட்டிவிடக் கூடாதே. ஜனங்கள் வந்தார்கள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு பெண் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடினாள். மில் வேலைக்குப் போகிறவர்கள் வேனை நிறுத்தி, இறங்காமலே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு கிழவர், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டு, மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு என் கார் ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி, ஓட்டுப் போடற எடம் இதுதானே?"

"நான் இந்த ஊர்க்காரன் இல்லைங்க."

"நான்தான் சொன்னேனே, தேதியத் தப்பா வச்சுக்கிட்டீங்கன்னு" என்றாள் அந்த அம்மாள்.

"தேதியெல்லாம் சரியாத்தாண்டி இருக்கு" என்றார் அவர். மழையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இருவரும் மெதுவாக நடந்து போனார்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று முழுவதும் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கொஞ்சம் முயன்றிருந்தால் அவர்களே விசாரித்துப் புது இடத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். சிலர் கண்டுபிடிக்கவும் செய்தார்கள். பூட்டிய ஒரு கதவைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறவர்களுக்காக எவ்வளவு அழுவது?

பள்ளி வாசலில் அட்டை இல்லையென்று சாயங்காலம்தான் யாரோ சொல்லி லுவெல்லா ஓடிவந்தாளாம். அதற்குள் நான் கிளம்பியிருந்தேன். சாவடி மூட அதிக நேரம் இல்லை.

ஆஸ்பத்திரி வரி தோற்றது. எத்தனை ஓட்டில் தோற்றதோ அத்தனை பேரையும் அவளுடைய பழைய பள்ளிக்கூட பஸ்ஸில் உட்காரவைத்துவிடலாம். எங்கள் சோதனை அபாரமாக வந்தது. கதவு தட்டிய தெருக்களுக்கும் தட்டாத தெருக்களுக்கும் இடையே மில்பரியில் கிடைத்த அளவுக்கு வித்தியாசத்தை நான் என் தொழிலில் பார்த்ததே இல்லை. திருமதி லார்க்கின் கண் கலங்கினார். முடிவுகளை நான் வாசித்த மாநாட்டில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரும்பாலோருக்கு எதற்கென்று தெரியாது.

வசந்தத்தில் ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். அதன்பிறகு ஆர்வில் வேறு மாவட்டத்துக்குப் போய் மெஷினில் படுக்க வேண்டியிருந்தது. லுவெல்லாவே தன் பழைய வண்டியில் கூட்டிப்போவாள். குளிர்காலத்தில் சாலையில் பனி உறைந்த ஒரு வாரம், இரண்டு முறை போக முடியவில்லை. மூன்றாம் முறைக்கு அவன் இல்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். திருமதி லார்க்கின் சார்பில் யாராவது போக வேண்டும். சர்ச்சுப் பெண்கள் பொரித்த கோழியும் கேக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்; காபிதான் வழக்கம்போல. லுவெல்லா என்னைப் பார்த்ததும் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"டேப்பு, மிஸ்டர் விட்டேக்கர். டாலர் கடை மலிவு டேப்பு. ஈரத்துல பிடிக்காதுன்னு எனக்குத் தோணாமப் போச்சே. காத்து அட்டைய அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. நல்ல டேப்பா வாங்கியிருந்தா அவ்வளவு பேரும் போயிருப்பாங்க. எந்தம்பி இன்னிக்கு இருந்திருப்பான். நாந்தான் கொன்னுட்டேன், நாந்தான்..."

மேலே பேச முடியாமல் என் தோளில் சாய்ந்தாள். அவ்வளவு பெரிய பெண், எடையே இல்லாதவள் போலிருந்தாள்.

"உங்கள நீங்களே வருத்திக்காதீங்க, லுவெல்லா. யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். தலையாட்டினாள்.

ஒன்று மட்டும் உங்கள் குறிப்பில் இருக்கட்டும், மேடம். ஒப்பந்தத்தை மீறி அந்த அட்டைகளை ஒட்டியது அவள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுடைய அமைப்புக்கு அதன்பிறகு எவரும் ஒரு டாலர் கொடுத்திருக்க மாட்டார்கள். இன்று நீங்கள் படத்தைக் கொண்டுவந்ததால்தான் அவள் பெயர் வெளியே வருகிறது. அதில் எனக்கு வருத்தம்தான். என்னைப் பொறுத்தவரை, அவளை நான் அந்த சர்ச்சிலேயே மன்னித்துவிட்டேன்.