படபடத்த நெஞ்சையே பாடமாக்கி, இன்று பணி ஓய்வு பெறும் பேராசிரியைக்கு

நரம்புகளின் நுண்மொழியை நயம்பட நவின்ற நாவரசியே! உடலியங்கியல் துறையின் உயிர்த்துடிப்பே! எங்கள் அன்பு அக்காவே!

நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் நாற்காலியை விட்டு நழுவிவிடுவீர்கள் என்பதை நாங்கள் நன்கறிவோம். ஆதலால், முன்வரிசையில் முறுவலித்து அமர்ந்திருக்கும் தங்கள் கணவரின் ஒப்புதலோடு, தங்கள் கதையை வேறு யாரோ ஒருவரின் கதைபோல் இவ்வவையில் சொல்லத் துணிந்தோம். பொறுத்தருள்க!

இந்த மருத்துவக் கல்லூரிக்கு ஓர் இளம் விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். ஆய்வகத்தில் அவர் புலி. வகுப்பில் நின்றாலோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் வகுப்பில் வணக்கம் சொல்ல வாய் திறந்தார், காற்றுதான் வந்தது. சுண்ணக்கட்டி கைநழுவி உடைந்தது. அரங்கம் சிரித்தது. அவர் வெளியேறினார்.

அன்றைய துறைத்தலைவர் இடிமுழக்கக் குரலர். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை அருங்காட்சியகத்துக்கு மாத்திடுவேன்மா. அங்க ஜாடியில இருக்கிற மூளைங்க சிரிக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் என்னங்க பண்றது? வேணாம்னாலும் நெஞ்சு குதிரை மாதிரி ஓடுது. அது என் கையில இல்ல."

கணவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "உன் கையில இல்லாததை நீ ஏன் மறைக்கிற? நாளைக்கு என்ன பாடம்?"

"தன்னியக்க நரம்பு மண்டலம். நம்மளைக் கேட்காமலே இதயத்தை ஓட்டுறதும் அடக்குறதும் அதுதான்."

கத்தியைக் கீழே வைத்தார் கணவர். "அப்ப அதையே காட்டிடேன்!"

மறுநாள் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி வகுப்பறைக்குள் வந்தது. விரிவுரையாளர் தம் மணிக்கட்டுகளில் தாமே கம்பிகளை மாட்டிக்கொண்டார். திரையில் அலைகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடின.

"பாருங்க, என் இதயம் ஓடுது. யாரும் துரத்தல, நீங்க சும்மாதான் உட்கார்ந்திருக்கீங்க. ஆனா உடம்பை ஓட வைக்கிற என் பரிவு நரம்புகளுக்கு அது தெரியல!"

அரங்கம் அதிர்ந்தது. இம்முறை அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு பேச்சு மடைதிறந்தது. நரம்பிழை வழியே மின்துடிப்பு பாய்ந்து நுனிக்கு வருகிறது. அடுத்த செல்லுக்கும் அதற்கும் நடுவே நுண்ணிய இடைவெளி. அதை மின்சாரம் தாண்டுவதில்லை. நுனியிலுள்ள சிறு பைகள் திறந்து வேதித்தூதரை வெளியே விடுகின்றன. "நார்அட்ரினலின்ங்கிற தூதர் போய்ச் சேர்ந்தா, இதயம் 'ஓடு'ன்னு எடுத்துக்கும். வேகஸ்ங்கிற எதிர்ப்பரிவு நரம்பு அசிட்டைல்கோலினை அனுப்பினா, 'போதும், மெல்லப் போ'ன்னு அடங்கும். ரெண்டும் நம்மளைக் கேட்டுட்டுச் செய்றதில்ல."

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கத்தினாள்: "மேடம், மெதுவாயிடுச்சு!"

திரும்பிப் பார்த்தார். அலைகள் ஆற அமர நடந்துகொண்டிருந்தன. அதைக் கண்டு அவர் பூரிக்க, அலைகள் மறுபடியும் துள்ளின.

"அடடா! சந்தோஷத்துக்கும் அதே நரம்புதான்!" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

கதவருகே நின்ற துறைத்தலைவர் உள்ளே வந்தார். இடிமுழக்கத்தைக் காணோம். "கம்பியைக் கழட்டிடாதீங்கம்மா, அடுத்த வகுப்புல எனக்கு மாட்டுங்க. எனக்கும் இப்படித்தான் அடிக்கும். இத்தனை வருஷமா சத்தம் போட்டே சமாளிச்சுட்டேன்."

அன்றுமுதல் இத்துறையின் வாய்மொழித் தேர்வுகளில் ஒரு வழக்கம் வேரூன்றியது. "யாருக்கெல்லாம் நெஞ்சு அடிக்குது?" என்று கேட்டு, தேர்வு நடத்தும் ஆசிரியரே முதலில் கை தூக்குவார். அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. அஞ்சி வந்தோர் ஆயிரமாயிரம் பேர் அகமலர்ந்து மருத்துவராகிச் சென்றனர்.

கதை முடிந்தது, அக்கா! இனி யாரோ ஒருவர் அல்ல, தாங்களேதான்!

ஓட்டம் போதும் என்று எதிர்ப்பரிவு நரம்புகள் ஆட்சிக்கு வரும் காலம் இது! உண்டது செரிக்க, உறக்கம் இனிக்க, உள்ளம் களிக்க, தாங்களும் தங்கள் துணைவரும் நோயின்றி நூறாண்டு நீடு வாழ்க! அடுத்த வாரம் நீச்சல் வகுப்பில் சேர்கிறீர்களாமே! ஆழம் பார்த்துத் தயங்காதீர்கள். கரையில் கைதட்ட நாங்கள் அனைவரும் வருகிறோம். துண்டு கொண்டுவரும் பொறுப்பைத் தங்கள் கணவர் ஏற்றுக்கொண்டார்!

பிரியமும் பெருமையும் பொங்க,
உடலியங்கியல் துறை ஆசிரியர்கள், ஆய்வகத்தார், அலுவலகத்தார்